இன்டர்நெட்டுக்குப் பஞ்சம் வருமா?

பத்திரிகையில் எழுதுகிறவன் சொன்ன சொல்லைப் பிற்பாடு மென்று விழுங்குவது புதிதல்ல. ஆனால், தான் எழுதி அச்சான கட்டுரையையே மிக்ஸியில் போட்டு அரைத்து, ஒரு சபை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கிய மனிதர், நான் கேள்விப்பட்ட வரையில் ஒருவர்தான். பெயர் பாப் மெட்கால்ஃப். அமெரிக்கர்.

சாமானிய ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று கோத்துப் பேச வைக்கும் 'ஈதர்நெட்' என்ற முறையை 1973-ல் உருவாக்கியவர். பிற்பாடு 'இன்ஃபோவேர்ல்ட்' என்ற பத்திரிகையில், இதோ நான் எழுதுகிறேனே அது மாதிரி, பத்தி எழுதி வந்தார். 1995 டிசம்பரில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "கூட்டம் தாங்காது. 1996-ஆம் வருஷம் இன்டர்நெட் சரிந்து விழுந்துவிடும்" என்பது அதன் சாராம்சம். பலிக்காவிட்டால் கட்டுரையைத் தின்றுவிடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

1996 வந்தது. ஆகஸ்ட் மாதம் 7-ந் தேதி, சுமார் அறுபது லட்சம் சந்தாதாரர்களை வைத்திருந்த 'அமெரிக்கா ஆன்லைன்' கம்பெனி 19 மணி நேரம் படுத்துவிட்டது. ஜோசியம் பலிக்கப் போகிறதென்று பலர் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் பலிக்கவில்லை. ஒரு கம்பெனி படுத்தது, எழுந்தது. மற்றபடி இன்டர்நெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

1997 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஸாண்டா கிளாரா நகரத்தில் ஒரு பெரிய மகாநாடு. மெட்கால்ஃப் மேடை ஏறினார். கட்டுரை மாதிரியே செய்த ஒரு கேக்கைக் கொண்டு வரச் சொன்னார். சபையோர் விடுவார்களா? "அந்தச் சாமர்த்தியமெல்லாம் நடக்காது!" என்று ஒரே கூச்சல். வேறு வழியில்லாமல் காகிதத்தையே கிழித்து மிக்ஸியில் போட்டு, திரவம் விட்டு அரைத்து, கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிட்டார். அதனால் அவர் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கம்ப்யூட்டர் உலகத்து நோபல் பரிசு என்று சொல்லப்படும் டூரிங் பரிசு 2022-ஆம் ஆண்டுக்கு அவருக்குத்தான் கிடைத்தது. (எங்கள் ஆசிரியர் இந்தப் பாராவைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார் என்று நம்புகிறேன். அவருக்கு இப்படிப்பட்ட யோசனைகள் வந்தால் எங்கள் காரியாலயத்தில் பல பேருக்கு அஜீரணம்தான்.)

இவரோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2015 மே மாதம் லண்டன் ராயல் சொஸைட்டியில் விஞ்ஞானிகள் கூடி, "கண்ணாடி இழையின் கொள்ளளவு ஒரு எல்லையை நெருங்குகிறது" என்று கவலையுடன் பேசினார்கள். அவர்கள் நிதானமாகத்தான் பேசினார்கள். ஆனால் சில ஆங்கிலப் பத்திரிகைகள், இன்டர்நெட்டுக்கு இன்னும் எட்டே வருஷம்தான் ஆயுள் என்று தலைப்புப் போட்டன. எட்டு வருஷமும் கழிந்து மேலும் சில வருஷங்கள் ஆகிவிட்டன.

ஆனால் நம் வீட்டுக் கதை வேறு. ராத்திரி எட்டு மணி. அடுப்பு வேலை ஒருவாறு முடிந்து, கதாநாயகியின் கடிதம் மாமியார் கையில் சிக்கும் கட்டத்தில் நீங்கள் வந்து உட்காருகிறீர்கள். படம் நின்று போகிறது. நடுவில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த வட்டத்தைப் பார்க்கும்போது, மெட்கால்ஃப் சொன்னது சரிதானோ என்று யாருக்கும் தோன்றும்.

தோன்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. 2016 செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ கம்பெனி கடை திறந்தது. அதற்கு முன்பு ஒரு ஜீ.பி. இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலம். ஒரு மாதத்துக்கு ஒரு ஜீ.பி.கூடச் செலவழிக்காதவர்கள்தான் பெரும்பாலோர். இப்போது சராசரியாக ஒரு சந்தாதாரர் மாதம் இருபது ஜீ.பி.க்கு மேல் செலவழிக்கிறார். வேறு எந்தச் சாமானை நம் ஜனங்கள் இவ்வளவு சீக்கிரத்தில் இருபது பங்கு அதிகமாக வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்?

இதில் பெரும் பகுதி படம்தான். ஒரு டெலிபோன் பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. அதே சமயம், மிகத் துல்லியமான '4கே' படம் ஒன்று பார்க்க விநாடிக்குச் சுமார் 15 மெகாபிட் வேண்டும். அதாவது ஒருவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு படம் பார்க்கிற இடத்தில், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். (இருநூறு பேரும் நம் வீட்டு மனிதர்களாக இல்லாதவரை பிழைத்தோம்.)

அப்படியானால் ஏன் சரியவில்லை? அதற்குக் காரணம் கண்ணாடி.

1956-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் முதன்முதலாக டெலிபோன் கேபிள் போட்டபோது, ஒரே சமயத்தில் 36 பேச்சுகள்தான் போக முடிந்தது. அத்தனை பெரிய சமுத்திரம், அத்தனை செலவு, 36 பேர்! அது செப்புக் கம்பி. 1966-ல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, ஜார்ஜ் ஹாக்கம் என்பவருடன் சேர்ந்து, கண்ணாடியை மட்டும் போதிய அளவு சுத்தமாகச் செய்துவிட்டால் ஒளியையே வெகு தூரம் அனுப்பிப் பேசலாம் என்று எழுதினார். 2009-ல் காவுக்கு இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, கண்ணாடி இழைக்குள் ஒளியை வளைத்து அனுப்பிக் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போகட்டும்.

1988-ல் அதே அட்லாண்டிக்கில் முதல் கண்ணாடி இழைக் கேபிள். ஒரே சமயத்தில் 40,000 பேச்சுகள்! அதன் பிறகுதான் சாமர்த்தியம் ஆரம்பமாயிற்று. ஒரு ரேடியோப் பெட்டிக்கு ஒரே ஏரியல்தான். ஆனால் குமிழைத் திருகினால் திருச்சியும் வருகிறது, இலங்கையும் வருகிறது அல்லவா? வேறு வேறு அலைவரிசை, அதனால் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. அந்த மாதிரியே, தலைமயிர் பருமனுள்ள ஒரே இழைக்குள் பல பல நிற ஒளிகளைச் சேர்த்து அனுப்பலாம் என்று கண்டார்கள். நிறம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். நம் கண்ணுக்குத் தெரியாத நிறங்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு தனிக் குழாய். கடலடியில் கிடக்கிற கேபிளைத் தொடாமல், இரு கரைகளிலும் உள்ள யந்திரங்களை மட்டும் மாற்றி, கொள்ளளவைப் பல மடங்கு கூட்டிவிடலாம்.

2017-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரையிலிருந்து ஸ்பெயின் தேசத்து பில்பாவோவுக்கு 'மாரேயா' என்று ஒரு கேபிள் போட்டார்கள். எட்டே ஜோடி இழைகள். விநாடிக்கு 160 டெராபிட் என்பது கணக்கு. பழைய டெலிபோன் பேச்சாக மாற்றிச் சொன்னால் ஒரே சமயத்தில் 250 கோடி பேச்சுகள். அன்று 36, இன்று 250 கோடி. மெட்கால்ஃப் தோற்ற இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கூட்டம் எவ்வளவு பெருகும் என்பதில் அவர் அதிகம் தவறவில்லை. குழாயும் கூடவே வளரும் என்பதைத்தான் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

கண்ணாடிக்கும் ஒரு எல்லை உண்டுதான். அதற்கு மேல் வேண்டுமானால் இழைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பணம் ஆகும். ஆனால் அது பணத்தின் பிரச்னை, பூதபௌதிகத்தின் பிரச்னை அல்ல.

எங்கள் எதிர் வீட்டு மாமியிடம் இதையெல்லாம் ஒரு நாள் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டாப்பா, கடலுக்கடியிலே கம்பி கிடக்குங்கறயே, சுறா கடிச்சுடாதோ?" என்றார்.

"கடிச்சிருக்கு மாமி. ஆனா அது ரொம்ப அபூர்வம். மீன் வலையும் கப்பல் நங்கூரமும்தான் பெரிய சத்துரு."

"அதானே பார்த்தேன். மனுஷாளைவிட சுறாவா பெரிசு!" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டார்.

மாமி சொன்னது முற்றிலும் சரி. உலகத்தில் வருஷத்துக்கு 150 முதல் 200 தடவை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. முக்கால்வாசிக்கு மனிதர்களின் வலையும் நங்கூரமுமே காரணம். 2008 ஜனவரி 30-ந் தேதி எகிப்தில் அலெக்ஸாந்திரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தன. எகிப்து எங்கே, நாம் எங்கே! ஆனாலும் இந்தியாவின் வெளிநாட்டுத் தொடர்பில் ஏறக்குறைய பாதி அன்று போயிற்று. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே மறுபடியும் கேபிள்கள் அறுந்து, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வேகம் குறைந்தது. ஆக, குழாய் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. எல்லாக் குழாயும் ஒரே சந்து வழியாகப் போகக் கூடாது. 2022 முடிவில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டுக் கேபிள்கள் 17. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பம்பாயிலோ சென்னையிலோதான் கரையேறின. (மும்பை என்று எழுத வேண்டும்; கை பழக்கம்.)

கேபிள் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்தமானில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் அல்லவா? 2020 வரையில் அவர்களுக்கு இன்டர்நெட் என்பது வானத்தில் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்த செயற்கைக்கோள் வழியாகத்தான். போய் வருவதற்கே கால் விநாடி. அதுவும் குறுகலான பாதை. தீவு முழுவதற்கும் பங்கு. 2020 ஆகஸ்ட் 10-ந் தேதி சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. செலவு 1,224 கோடி ரூபாய். அப்போது போர்ட் பிளேர் என்றும் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படும் தலைநகரோடு நின்றுவிடாமல், கார் நிகோபார், பெரிய நிகோபார் வரை போயிற்று. அது திறந்த வருஷத்தைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உத்தியோகம் எல்லாம் இன்டர்நெட்டுக்குள் புகுந்துகொண்ட வருஷம்.

கடலடிக் குழாயே பெரிது என்றாலும், நாம் பார்ப்பதெல்லாம் அதன் வழியாகவே வருகிறது என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பர் 19-ந் தேதி உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் பந்தயம். ஹாட்ஸ்டாரில் மட்டும் ஒரே சமயத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்துக்கொண்டாலும் 118 டெராபிட் ஆகிறது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போட்ட கேபிளின் மொத்தக் கொள்ளளவு 8.4 டெராபிட்தான். பதினான்கு கேபிள் வேண்டும்!

எப்படிச் சமாளித்தார்கள்? கல்யாணப் பந்தியில் என்ன செய்கிறோம்? முந்நூறு இலை போட்டிருக்கும்போது, சாம்பார் வேண்டும் என்பவர்கள் எல்லாம் எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினால் என்ன ஆகும்? அதற்குத்தானே வரிசைக்கு ஒரு வாளி! இன்டர்நெட்டிலும் அதே ஏற்பாடுதான். படத்தின் பிரதிகளை ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி வாளியில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கிற அமெரிக்கப் படம் அநேகமாக உங்கள் ஊரிலேயோ பக்கத்து ஊரிலேயோ ஒரு பெட்டிக்குள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும். கிரிக்கெட் மாதிரி நேரடியாக நடப்பதையும் இப்படியே வாளிக்கு வாளி ஊற்றி வழங்குகிறார்கள். சமையற்கட்டிலிருந்து பந்திக்கு ஒரு தடவை, பந்தியிலிருந்து ஆயிரம் இலைக்கு.

இந்த வாளிகளை எல்லாம் வைத்திருக்கிற கட்டடங்கள் மின்சாரம் குடிக்கும் பேய்கள் என்பது தனிக் கதை. அயர்லாந்து தேசத்தில் 2023-ல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் நூற்றுக்கு 21 பங்கை இந்தக் கட்டடங்களே சாப்பிட்டன. அந்த தேசத்து நகரங்களில் உள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து சாப்பிட்டது 18 பங்குதான். இனிமேல் ஒரு தட்டுப்பாடு வருமானால் கண்ணாடியில் வருவதைவிட கரண்டில் வருவதற்குத்தான் அதிக சாத்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிற்க. குழாயும் பெரிது, வாளியும் பக்கத்தில் என்றால், எட்டு மணிக்கு வட்டம் ஏன் சுற்றுகிறது?

இதற்கு 2020 மார்ச் மாதம் ஒரு நல்ல பதில் கொடுத்தது. உலகமே வீட்டுக்குள் அடைபட்டது. ஐரோப்பாவில் நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனி மார்ச் 19-ந் தேதி, முப்பது நாளைக்குப் படத்தின் துல்லியத்தைக் குறைத்து, தன் பளுவைச் சுமார் கால் பங்கு இறக்கிக்கொள்வதாக அறிவித்தது. மறு நாள் யூட்யூப். மார்ச் 24-ந் தேதி இந்தியாவிலும் படம் காட்டும் கம்பெனிகள் ஒரு முடிவுக்கு வந்தன: ஏப்ரல் 14 வரை துல்லியம் 480-க்கு மேல் போகாது. ஆனால் அந்த முடிவில் ஒரு சிறு வார்த்தை இருந்தது. 'மொபைல் இணைப்புகளில்' என்பது அந்த வார்த்தை. வீட்டுக்குக் கம்பி வழியாக வரும் இணைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

விஷயம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. கண்ணாடியை வேண்டுமளவு போட்டுக்கொள்ளலாம். ஆகாயத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. மொபைல் போன் பேசுவது ஆகாயத்தில். அதில் எந்தக் கம்பெனிக்கு எத்தனை முழம் என்று சர்க்கார் ஏலம் போட்டு விற்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைத்திருக்கும் ஒரு 4ஜி கோபுரம், கோபுரத்தடியிலேயே நின்றாலும், ஒரு திசைக்கு உச்சபட்சமாக விநாடிக்கு 150 மெகாபிட் மட்டில்தான் கொடுக்கும். தள்ளிப் போகப் போகக் குறையும். அதையும் அந்தத் திசையில் இருக்கிற அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குழாயடி நமக்குத் தெரியும். ஏரியில் தண்ணீர் ததும்பினாலும், காலையில் ஆறு மணிக்குத் தெரு முழுவதும் திறந்தால் மாடி வீட்டுக்கு ஏறாது. எட்டு மணி வட்டம் பெரும்பாலும் இந்த மாடி வீட்டுக் குழாய்தான். 2022 அக்டோபரில் நம் நாட்டில் 5ஜி வந்த பிறகு குழாய் கொஞ்சம் அகலமாயிருக்கிறது. ஆனால் உயர்ந்த அலைவரிசைகளுக்கு ஒரு குணம் உண்டு: கனமான சுவரைக் கண்டால் தயங்கி நின்றுவிடும். வாசலில் நின்றால் அமர்க்களம். உள்ளே போகப் போக மங்கல். நம் வீடுகளில் உள்ளே இருப்பது எது? சமையலறை.

வீட்டுக்குள் பிராட்பாண்ட் இணைப்பு இருப்பவர்களுக்கும் இதே கதைதான். இணைப்புப் பெட்டியைப் பெரும்பாலும் கம்பி நுழைகிற இடத்திலேயே, வாசல் அறையில், டெலிவிஷனுக்குப் பின்னால் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாமும் அதன் மேல் ஒரு துணியையும் போட்டு, ஒரு பொம்மையையும் வைக்கிறோம். இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் அதோடு சரி. வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், வெளிப்படையாக வைத்துப் பாருங்கள். அடுத்த மாதமே பெரிய திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போகலாம். இன்னொன்று: மைக்ரோவேவ் அடுப்பும் பழைய வகை வை-ஃபையும் ஒரே அலைவரிசையில் வேலை செய்கின்றன. சாதத்தைச் சுட வைக்கும் இரண்டு நிமிஷம் சீரியல் திணறினால், கம்பெனிக்காரனைத் திட்டாதீர்கள்.

ஆனால் பெட்டியை உயரத்தில் வைத்துத் தீர்க்க முடியாத பஞ்சம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன்.

2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, பாடம் போனில் நடக்கும் என்றார்கள். வீட்டில் ஒரு போன். அது அப்பாவின் போன். அவர் வேலைக்குப் போனால் கூடவே போய்விடும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் இரண்டு. ஒரே நேரத்தில் இருவருக்கும் வகுப்பு. கடலடியில் எத்தனை டெராபிட் ஓடினால் என்ன, கையில் இருக்கிற கண்ணாடிச் சில்லு ஒன்றுதானே? யாருக்கு என்ற கேள்வி வந்தது. பத்தாவது படிக்கிற பையனுக்கா, எட்டாவது படிக்கிற பெண்ணுக்கா? பெண் பத்தாவதும் பையன் எட்டாவதுமாக இருந்த வீடுகளிலும் பதில் மாறியதா என்பதை அவரவர் தெருவை நினைத்துப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

சர்க்கார் செய்த ஒரு காரியத்தை இங்கே மெச்சத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் 'கல்வித் தொலைக்காட்சி' தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடியபோது பாடங்களை அதில் நடத்தினார்கள். கேரளத்தில் 'விக்டர்ஸ்' என்ற தொலைக்காட்சியில் 2020 ஜூன் முதல் தேதியே வகுப்பு ஆரம்பமாயிற்று. பழைய டெலிவிஷன்தானே என்று அலட்சியமாக நினைக்கலாம். ஆனால் டெலிவிஷனுக்கு ஒரு பெருமை உண்டு. பத்து பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அதற்குப் பளு ஒன்றுதான். வட்டம் சுற்றாது. அக்காளும் தம்பியும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். சந்தேகம் கேட்க முடியாது என்பது பெரிய குறைதான். இருந்தாலும், பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி திறந்தவனை, அவியல் ஏன் இல்லை என்று கேட்கிறோமா?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-லிருந்து 2021 வரை நடந்தது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இன்டர்நெட்டை உபயோகித்தது உண்டா என்று கேட்டார்கள். ஆண்களில் நூற்றுக்கு 57 பேர் உண்டு என்றார்கள். பெண்களில் 33 பேர். ஒரே வீடு, ஒரே கோபுரம், ஒரே ஆகாயம்!

பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்துக் குழந்தைகளைப் பற்றி 2024-ல் எடுத்த 'அஸர்' கணக்கெடுப்பில், பதினாலிலிருந்து பதினாறு வயதுக்காரர்களின் வீடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 வீடுகளில் ஸ்மார்ட் போன் இருந்தது. அதை உபயோகிக்கத் தெரிந்தவர்களும் நூற்றுக்கு 80-க்கு மேல். ஆனால் அப்படித் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் பையன்களில் 36 பேர், பெண்களில் 27 பேர். வீட்டில் போன் இருப்பது வேறு. தன் கையில் இருப்பது வேறு. அண்ணாவிடம் கேட்டு வாங்கி, அவன் நண்பர்களின் அழைப்பு வருவதற்குள் பாடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பெண்ணுக்கு, 5ஜி-யின் வேகம் எத்தனை என்பதில் என்ன அக்கறை இருக்க முடியும்?

முன்பு சொன்னேனே, மாதம் இருபது ஜீ.பி.க்கு மேல் என்று, அந்தச் சராசரியும் இப்படிப்பட்டதுதான். கம்பெனிகள் எண்ணுவது ஸிம்மை, ஆட்களை அல்ல. அந்த ஸிம் பகலில் யார் சட்டைப்பையில் இருந்தது, ராத்திரி பத்தரை மணிக்குப் பாத்திரம் கவிழ்த்துவிட்டு வந்த பிறகு மிச்சமிருந்த சார்ஜில் யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது. இன்டர்நெட்டின் கொள்ளளவு தேவைக்கு ஈடு கொடுக்குமா என்று நிபுணர்கள் கேட்கும்போது, 'தேவை' என்று அவர்கள் எடுத்துக்கொள்வது இதுவரை செலவானதைத்தான். கேட்கவே வழியில்லாதவர்களின் தேவை எந்தக் கோபுரத்திலும் பதிவாவதில்லை. அவர்களும் கேட்கத் தொடங்கினால் பளு இன்னும் எவ்வளவு கூடும்? கூடட்டுமே! முப்பத்தாறு பேச்சு இருநூற்றைம்பது கோடியாகப் பெருகிய கண்ணாடி அதற்கும் தாங்கும்.

கடலடியில் கேபிள் அறுந்தால், மைல் கணக்கான ஆழத்திலிருந்து அதை எப்படிக் கண்டுபிடித்து மேலே தூக்குகிறார்கள் என்று எதிர் வீட்டு மாமி மறு நாளே கேட்டார். கப்பலிலிருந்து ஒரு கொக்கியை இறக்கித் துழாவுகிறார்கள் என்றேன். "கிணத்திலே விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பாளே, அது மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அது மாதிரியேதான். அந்தக் கதையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.